இந்த டிகிரி செல்லுமா?

களியக்காவிளையில் நின்றுகொண்டு "உங்க யூனிவர்சிட்டி எது?" என்று கேட்டால், பதில் சொல்பவரின் வயதைப் பொறுத்து விடை மாறும். 1937-க்கு முன்னால் படித்தவர் யாராவது இருந்தால், அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிமகன். ஆனால் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது. பஸ் பிடித்தால் முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் திருவனந்தபுரம். அந்த வசதி இருபது வருஷம்கூட நீடிக்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பல்கலைக்கழகம் மறுபடி சென்னைக்குப் போனது. 1966-ல் மதுரை. 1990-ல் திருநெல்வேலி. இப்போது இந்த ஊர்ப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் இருப்பது மனோன்மணியம் சுந்தரனார் பெயர். அவர் தத்துவம் கற்பித்தது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் என்பது தனி வேடிக்கை.

நான்கைந்து தடவை முகவரி மாறிய இந்தப் பல்கலைக்கழகங்களில் ஒன்றைக்கூட நேரில் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்கள் இங்கே ஏராளம். கல்லூரி மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருந்தது. பல்கலைக்கழகம் என்பது கேள்வித்தாள் வரும் இடம், அவ்வளவுதான். ஆகவே "பல்கலைக்கழகத்தைப் பார்க்காமலே எப்படிப் படிக்கிறது?" என்று ஆன்லைன் டிகிரியைப் பற்றி யாராவது இங்கே ஆச்சரியப்பட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு மார்க்கெட் பக்கம் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவன் சம்பளம் வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க ஆசை. நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் என்னிடம் கேட்டான்: "அண்ணா, ஆன்லைன்ல டிகிரி எடுத்தா செல்லுமா?"

பாடம் நன்றாக இருக்குமா, புரியுமா என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. செல்லுமா என்றுதான் கேட்டான், ரூபாய் நோட்டைக் கேட்பதுபோல. யோசித்தால் அது மிகச் சரியான கேள்வி. பாடத்துக்குப் பஞ்சமே இல்லாத காலம் இது. அந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல் என்பதால், கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது அங்கே பாடம் நடத்த ஒரு ஆசிரியர்கூடக் கிடையாது. 1854-ன் உட்ஸ் அறிக்கை லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டியது. லண்டன் அப்போது பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற அமைப்பு, அவ்வளவே. கற்பிப்பது கல்லூரிகளின் பாடு. 1858-ல் லண்டன் இன்னும் ஒரு படி இறங்கி, எந்தக் கல்லூரியிலும் சேராமலே பரீட்சை எழுதலாம் என்று திறந்துவிட்டது. சென்னையிலோ அரை நூற்றாண்டுக்கு மேல் பல்கலைக்கழகத்துக்கென்று கற்பிக்கும் துறையே இல்லை.

அந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளை, அவருடைய ஆசிரியர் கரோல் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளையைத் தமிழ் படித்தவர்களுக்குத் தொல்காப்பியம், வீரசோழியம், கலித்தொகைப் பதிப்புகளால் தெரியும். அவர் சென்னைக்கு வந்தது 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்த. உண்மையான படிப்பெல்லாம் முன்பே வட்டுக்கோட்டை செமினரியில் முடிந்துவிட்டது. சென்னை அவருக்குக் கொடுத்தது பரீட்சையும் முத்திரையும்தான். வேலை பார்த்துக்கொண்டே, ஆசிரியரும் மாணவரும் ஒரே பரீட்சைக்குப் போய், இருவரும் பட்டத்தோடு வந்தார்கள். அந்தப் பட்டம் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை, அதனால் பட்டத்தைப் பற்றியும் இல்லை.

கற்பது எங்கே என்பது ஒரு விஷயம், பரிசோதிப்பது யார் என்பது வேறு விஷயம். பட்டத்தின் மதிப்பு எப்போதும் இரண்டாவதில்தான் இருந்திருக்கிறது. தொலைதூரக் கல்வியின் வரலாறு முழுக்க இந்த ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரை 1971, அண்ணாமலை 1979, சென்னை 1981. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் 1971-ல்தான். ஆந்திரத்தில் 1982-ல் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-ல் இக்னோ, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நம் பக்கத்து டீச்சர்களில், போஸ்ட் ஆபீஸ் ஊழியர்களில், பாதிப் பேராவது மதுரையிலிருந்து வந்த அந்தப் பழுப்புக் கவர்களைப் பிரித்துப் படித்தவர்களாக இருப்பார்கள். தமிழ் இலக்கியம், வரலாறு, பொருளாதாரம், வணிகவியல். இவையெல்லாம் தபாலில் போகும். பேப்பரும் பேனாவும் போதும்.

கம்ப்யூட்டர் தபாலில் போகாது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவிய ஐ.பி.எம். 370 ஒரு பெரிய ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரம். அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணினி படிப்பதென்றால் இயந்திரம் இருக்கிற ஊருக்குப் போவது என்றுதான் பொருள். தொலைதூரக் கல்வியில் கணினி தாமதமாக வந்ததற்கு இதுதான் நேரான காரணம்: செய்முறை. நிரலை எழுதி, ஓட்டி, அது உடைந்து, ஏன் உடைந்தது என்று தேடுகிற அந்த வேலையைக் கவரில் போட்டு அனுப்ப முடியாது. மகாபாரதத்தில் ஏகலைவனுக்குக் குரு இல்லை, ஆனால் வில் இருந்தது. இங்கே வில்லே இல்லை.

1990 வாக்கில் மத்திய அரசின் மின்னணுத் துறையும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. டோயக். இப்போது பலருக்கு நினைவிருக்காது. ஓ லெவல், ஏ லெவல், பி லெவல், சி லெவல் என்று நான்கு படிகள். ஓ என்பது அடிப்படை, ஏ மேல்நிலை டிப்ளமோ, பி எம்.சி.ஏ. தரம், சி எம்.டெக். தரம். அங்கீகாரம் பெற்ற மையத்தில் படித்தும் எழுதலாம்; சில நிபந்தனைகளோடு தானாகப் படித்தும் எழுதலாம். நாடு முழுக்க ஒரே பரீட்சை. 2011-ல் அமைப்பின் பெயர் நைலிட் என்று மாறிவிட்டது. என் பார்வையில் இது நம் கணினிக் கல்வி வரலாற்றில் போதிய மரியாதை கிடைக்காத ஒரு முயற்சி. தெருவுக்குத் தெரு 'கம்ப்யூட்டர் சென்டர்' முளைத்து, ஆளாளுக்கு பளபளப்பான சர்டிபிகேட் அடித்துக் கொடுத்த காலத்தில், "எங்கே வேணும்னாலும் படி, பரீட்சையை நாங்க வைக்கிறோம்" என்று சொன்ன ஒரே குரல் அது. ஆனால் கம்பெனிகளின் விளம்பரத்தில் 'பி.இ., எம்.சி.ஏ.' என்றுதான் இருக்கும். தரம் சமம் என்று அரசு சொன்னாலும் பெயர் சமமாகவில்லை.

எஞ்சினியரிங்கில் இதற்கு மூத்த அண்ணன் ஒன்று உண்டு. 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. பிரிவு ஏ, பிரிவு பி என்று இரண்டு கட்டம். வகுப்பு கிடையாது, பரீட்சை மட்டும். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன எத்தனையோ பேர் ராத்திரி விளக்கில் படித்து இதைத் தாண்டினார்கள். ரொம்பக் கடினம், வருஷக் கணக்கில் இழுக்கும். தாண்டினால் மத்திய அரசு வேலைக்கு பி.இ.க்குச் சமம். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த அங்கீகாரம் என்று பிறகு அரசு கோடு போட்டுவிட்டது. என்னைக் கேட்டால் அது நஷ்டம். பரீட்சை கறாராக இருந்த ஒரு வழியை மூடிவிட்டோம்.

அதே சமயத்தில் கறாரில்லாத வழிகள் அகலமாகத் திறந்து கிடந்தன. அந்தக் கதையின் முடிவு 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், ராஜஸ்தானில் இரண்டு, அலகாபாதில் ஒன்று, நம் சேலத்தில் ஒன்று, முறையான முன் அனுமதி இல்லாமல் தொலைதூர முறையில் பொறியியல் பட்டங்கள் கொடுத்திருந்தன. நீதிபதிகள் ஏ.கே. கோயல், யு.யு. லலித் அமர்வு தந்த தீர்ப்பு இதுதான்: 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்படும், ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில், இரண்டு வாய்ப்புக்குள், தேறினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை, பட்டம் ரத்து.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். 2001-ல் சேர்ந்த ஒருவர் 2005 வாக்கில் பட்டம் வாங்கியிருப்பார். பதவி உயர்வு வாங்கியிருப்பார். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.டெக். போட்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நாற்பதை நெருங்கும் வயதில், "மறுபடி பரீட்சை எழுது" என்கிறது நீதிமன்றம். தீர்ப்பில் தவறில்லை. ஆனால் ஏமாந்தவரும் எழுத வேண்டியவரும் ஒரே ஆள். அனுமதி இருக்கிறதா இல்லையா என்பது இரண்டு அரசு அமைப்புகளுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்தில் இருந்தது. ஃபீஸ் கட்டியவர் அதை எங்கே போய்ப் படிப்பார்?

பையனின் "செல்லுமா" எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். அது பயந்தாங்கொள்ளித்தனம் கிடையாது. ஊருக்குள் ரெண்டு மூணு பேர் சூடுபட்ட ஞாபகம்.

இந்தக் காலத்திலேயே, சத்தமில்லாமல், இன்னொரு பக்கம் பாடம் இலவசமாகிக்கொண்டிருந்தது. 1999-ல் சென்னையில் பேச்சாகத் தொடங்கி 2003-ல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட என்பிடெல் திட்டம். எம்.ஐ.டி. தன் பாடங்களைத் திறந்துவிடுவதாக அறிவித்தது 2001-ல். ஆக யோசனையில் நாம் பின்தங்கவில்லை. கரும்பலகை முன்னால் நின்று ஒரு பேராசிரியர் பேசுவார், கேமரா அசையாது, ஒரு மணி நேரம். யூடியூப் வந்தபிறகு அது எல்லார் வீட்டுக்கும் போனது. அதற்கு முன்னால் கல்லூரிகளுக்கு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போனது. நான் 2000-களின் தொடக்கத்தில் பி.இ. முடித்தவன், கல்லூரியில் மூன்று வகுப்பில் அவசரமாக ஓட்டிவிட்ட ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை, வேலையில் சேர்ந்த பிறகு இந்த வீடியோக்களில்தான் ஆற அமரக் கேட்டேன். என் டிகிரி செல்லும், அறிவு வந்தது வேறு வழியில். என்பிடெல்லில் படித்த பையனுக்கு அறிவு இருக்கும், டிகிரி இருக்காது. 2014-ல் என்பிடெல் பரீட்சையும் சான்றிதழும் சேர்த்தது, அந்தப் பரீட்சைக்கு நேரில் மையத்துக்கு வரவேண்டும் என்றும் வைத்தது. 2017 ஜூலையில் அரசின் ஸ்வயம் தளம் வந்தது. ஆனாலும் அவை தனித்தனிப் பாடங்கள்தான், முழுப் பட்டம் அல்ல.

வெளியே 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் பெயர் கொடுத்து உலகமே ஆர்ப்பரித்தது. 2014-ல் ஜார்ஜியா டெக் ஏழாயிரம் டாலருக்குள் முழு கம்ப்யூட்டர் சயன்ஸ் முதுகலைப் பட்டத்தை ஆன்லைனில் கொடுத்தது. அது ஏற்கனவே டிகிரி இருப்பவர்களுக்கு. மொபைல் கடைப் பையனுக்கு உதவாது.

அவனுக்கு உதவக்கூடியது 2020 ஜூன் 30-ல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி., 'நிரலாக்கமும் தரவு அறிவியலும்' என்று ஆன்லைன் பி.எஸ்சி. அறிவித்தது. பிறகு அது நான்கு வருஷ பி.எஸ். ஆகவும் வளர்ந்தது. ஜே.இ.இ. வேண்டாம். வயது வரம்பு இல்லை. கவனிக்க, இது பி.டெக். இல்லை. பொறியியல் பட்டத்தைத் தொலைதூரத்தில் கொடுக்கும் வாசலில் நம் நாட்டில் என்ன நடந்தது என்று மேலே பார்த்தோம். பெயரை அவர்கள் அப்படித் தேர்ந்தது புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

இதன் அமைப்பை நான் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் பிடித்தது வாசலைக் கட்டிய விதம். நான்கு வாரம் எல்லாருக்கும் பாடம். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணிப்பியச் சிந்தனை. வாரா வாரம் அசைன்மென்ட். அதில் தேறியவர் நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தொடங்கியபோது இதற்கு 3000 ரூபாய் கட்டணம். தெரிந்ததை வைத்து வடிகட்டாமல், கற்றுக்கொடுத்துவிட்டு வடிகட்டுகிறார்கள். ஜே.இ.இ.க்கு ரெண்டு வருஷம் கோச்சிங் போக முடியாத பையனுக்கும் அந்த நான்கு வாரம் கிடைக்கும். அந்தக் கணிப்பியச் சிந்தனைப் பாடம் கம்ப்யூட்டரே இல்லாமல் தொடங்குவது இன்னொரு அழகு: மளிகைக் கடை பில்லையும் மாணவர் மார்க்கையும் அட்டைகளாக எழுதிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அதிக மார்க் எது, எத்தனை பில் எந்தக் கடை என்று கையால் எண்ணிக் கற்கிறார்கள். நம்ம சந்தையில் மீன் ஏலம் விடுகிறவர் மனசுக்குள் போடுகிற கணக்கும் இதுதான்.

உள்ளே போனால் அடிப்படை நிலை 8 பாடம், 32 கிரெடிட். பிறகு நிரலாக்கத்தில் ஒரு டிப்ளமோ, தரவு அறிவியலில் ஒரு டிப்ளமோ, அதற்கு மேல் பட்டம். பி.எஸ்சி.க்கு 114 கிரெடிட், பி.எஸ்.க்கு 142. நடுவில் எந்தப் படியில் இறங்கினாலும் அந்தப் படிக்கான சான்றிதழ் உண்டு. ஜனவரி, மே, செப்டம்பர் என வருஷத்துக்கு மூன்று பருவம். மொத்தம் எட்டு வருஷம் வரை எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் தேவைப்படுகிற வீட்டுக்கு இந்த எட்டு வருஷம் பெரிய விஷயம்.

தபாலில் போகாத செய்முறைக்கு என்ன செய்தார்கள்? வில் இப்போது வீட்டிலேயே இருக்கிறது. நிரலை மாணவர் எழுதிப் போட்டால், சோதனை உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்து இயந்திரமே மதிப்பெண் போடும். சரியான விடை வந்தால்தான் மார்க், கெஞ்சினால் கிடைக்காது. செயலி உருவாக்கும் புராஜெக்டுக்கு நேர்முகக் கேள்வி உண்டு, சுட்டுப்போட்டால் மாட்டிக்கொள்வார்கள். இதையெல்லாம் தாண்டி, வினாடி வினாக்களும் பருவத் தேர்வும் நேரில், தேர்வு மையத்தில். ஆன்லைன் டிகிரி என்று பெயர்; முத்திரை குத்தும் இடம் மட்டும் ஆன்லைனில் இல்லை. 1857-ல் தாமோதரம் பிள்ளை போன அதே இடம்தான்: பரீட்சை ஹால்.

அதனால்தான் இது செல்லும் என்று அவனிடம் சொன்னேன். ஐ.ஐ.டி. என்ற பெயருக்காக மட்டும் சொல்லவில்லை.

ஆனால் சொல்லவேண்டிய மற்றதையும் சொன்னேன். நுழைவு அகலம் என்றால் வழுக்கல் உள்ளே இருக்கும் என்று அர்த்தம். ஜே.இ.இ. முன்வாசலில் ஒரே தடவை அடிக்கும். இது பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிக்கும். கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து லீனியர் அல்ஜீப்ரா கேட்க வேண்டும். நின்றுபோனால் ஏன்னு கேட்க ஹாஸ்டல் ரூம்மேட் இருக்கமாட்டான். பாடம் முழுக்க ஆங்கிலத்தில். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் வேறு தமிழ், பஸ்ஸில் மலையாளம். மூன்றாவது நான்காவதாக ஆங்கிலம் வரும்போது மூச்சு முட்டும். என்பிடெல் பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் வைத்திருக்கிறது. முதல் வருஷம் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேறு பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பி.சி.ஏ.யும் இருக்கிறது. அவற்றில் சேர நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது விளம்பரத்தில் வரும் நடிகரை இல்லை. அந்தப் பாடத்துக்கு, அந்த வருஷத்துக்கு, யு.ஜி.சி. அனுமதிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2020 விதிமுறையிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் அதை மறுபடி அறிவித்தார்கள். 'அனுமதி பெற்ற' என்பதில்தான் விஷயம் முழுவதும். 2005-ல் சேர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பட்டியலைத் தட்டிப் பார்க்கிற வசதி இல்லாமல் போனது.

தமிழ்நாடு அரசு வேலை மனசில் இருந்தால் இன்னொன்று. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை மாறக்கூடாது என்று 2009 ஆகஸ்ட்டில் அரசாணை 107 வந்தது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராக டிகிரி வாங்கியவர்கள் அதில் அடிபட்டார்கள். பையனுக்குப் பிளஸ் டூ இருக்கிறது, பிரச்சினை இல்லை. வளைகுடாவுக்குப் போவதென்றால் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, சில நாடுகளுக்கு அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். சில இடங்களில் எந்த முறையில் படித்தாய் என்றும் கேட்பார்கள். போகப்போகிற நாட்டின் விதியைச் சேரும் முன்பே பார்ப்பது நல்லது. இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லைதான்.

கடைசியில் அவன் கேட்டது பரீட்சை மையம் எங்கே என்று. விருப்பமான நகரத்தைத் தேர்ந்துகொள்ளலாம், திருவனந்தபுரம் பட்டியலில் உண்டு என்றேன். "அப்போ பாறசாலை தாண்டி பஸ்ஸில ஒரு மணி நேரம்" என்றான். 1937-ல் இங்கிருந்து போனவர்களுக்கும் அதே ரோடுதான். பரீட்சை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு சொல்ல வேண்டியது அந்த நாட்களில் மட்டும்தான்.